அத்தியாயம் 6: துளைக்குள் உலோகம்

வார்ப்புப் பட்டறையில் பழகியவர் யாரைக் கேட்டாலும் கை உலையைத்தான் காட்டும். உலோகம் சரியான சூட்டில் உருகினால் மீதி தானாக நடக்கும் என்பது அந்தத் தொழிலின் நம்பிக்கை. இந்த அத்தியாயத்தில் வரும் முறைக்கு அது பொருந்தாது. இங்கே உலோகத்தை ஊற்றுவது கடைசி வேலை, சுலபமான வேலையும்கூட. துளையின் அளவு, துளைச் சுவரின் தன்மை, உள்ளிருக்கும் காற்று வெளியேறும் வழி ஆகிய மூன்றையும் உலை பற்றவைக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அவற்றில் ஒன்று தவறினாலும், எவ்வளவு நல்ல உலோகமாக இருந்தாலும் வாசலிலேயே நின்றுவிடும்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும், பாலிடெக்னிக்கிலோ அட்டெக்கிலோ உற்பத்தித் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதப்பட்டது இது. எஸ்பிஎம் இயற்பியல் போதும். இதில் உள்ள இரண்டு பயிற்சிகளையும் சாதாரண பட்டறையிலேயே செய்யலாம். அலுமினிய வேலையை மட்டும் தகுந்த ஆய்வகத்தில் செய்ய வேண்டும்.

எது இந்தப் பொருள், எங்கே பயன்படுகிறது

ஓர் உலோகத்துக்குள் வேறொரு கடினமான பொருளைத் துகளாகவோ இழையாகவோ பதித்துச் செய்வது உலோகக் கூட்டுப்பொருள். உள்ளே பதிப்பதை வலுவூட்டி என்போம். அலுமினியம் எடை குறைவு, வெப்பத்தை நன்றாகக் கடத்தும். ஆனால் மென்மையானது, சூட்டில் அதிகம் விரியும். சிலிக்கான் கார்பைடு கடினமானது, மிகக் குறைவாக விரியும், ஆனால் தட்டினால் உடையும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டுகிறது.

சேர்க்க இரண்டு பாதைகள் உண்டு. உருகிய உலோகத்தில் தூளைப் போட்டுக் கலக்குவது முதல் பாதை. இது மலிவானது. ஆனால் தூள் கூடக் கூட உருகு கெட்டியாகிவிடுவதால் கன அளவில் ஏறத்தாழ 20, 30 சதவீதத்தைத் தாண்டுவது கடினம். இரண்டாவது பாதையில் வலுவூட்டியை முதலிலேயே வேண்டிய வடிவில் அடுக்கி, துளைகள் நிறைந்த ஒரு கட்டியாகச் செய்துகொள்கிறோம். இதை முன்னுரு என்று அழைப்போம். பிறகு அதன் இடுக்குகளுக்குள் உலோகத்தை நுழையவிடுகிறோம். 60, 70 சதவீதம் வலுவூட்டி வேண்டுமானால் இந்த ஊடுருவல் முறைதான் வழி. பொருளின் ஒரு பகுதியை மட்டும் வலுவாக்கவும் இது ஏற்றது.

1983 வாக்கில் டொயோட்டா தன் டீசல் எஞ்சின் பிஸ்டனில் வளையம் உட்காரும் பள்ளத்தை மட்டும் செராமிக் இழையால் வலுவாக்கியது. இழை வளையத்தை அச்சில் வைத்து, அலுமினியத்தை ஊற்றி அழுத்தினார்கள். அதுவரை அந்த இடத்தில் கனமான வார்ப்பிரும்பு வளையம் பதிக்க வேண்டியிருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஹோண்டா தன் பிரெலூட் காரில், அலுமினா இழையும் கார்பன் இழையும் கலந்த உருளையைச் சிலிண்டர் சுவராகப் பதித்து வார்த்தது. அதனால் தனியாக இரும்பு லைனர் தேவைப்படவில்லை. இன்று மலாக்காவின் பெகோ தொழிற்பேட்டையில் ஆலை நடத்துவதும் அதே நிறுவனம்தான்.

மின்னணுத் துறையில் உலோகக் கூட்டுப்பொருளின் பயன் இன்னும் பெரிது. பத்து பெரெண்டாம் ஆலையில் நம்மவர் பலருக்கு வேலை தந்திருக்கும் தொழில் அது. 1973இல் சீமென்ஸ் தொடங்கிய அந்த ஆலை இப்போது இன்ஃபினியன் பெயரில் நடக்கிறது. சக்திக் குறைகடத்திகளில் வேலை செய்தவர்களுக்கு ஒரு சிக்கல் தெரிந்திருக்கும். ஒரு மீட்டர் நீளம் ஒரு பாகை சூட்டுக்கு எத்தனை மைக்ரோமீட்டர் விரியும் என்று பார்த்தால் சிலிக்கானுக்குச் சுமார் 3, செம்புக்கு 17, அலுமினியத்துக்கு 23. சில்லும் செராமிக்கும் செம்புத் தகட்டின்மேல் ஒட்டப்பட்டு, ஆயிரக்கணக்கான முறை சூடாகிக் குளிர்ந்தால், இடையில் உள்ள ஈயப்பற்று விரிசல் விடும். அலுமினியத்தில் 60 சதவீதத்துக்கு மேல் சிலிக்கான் கார்பைடு சேர்த்தால் அந்த எண் 7, 8க்கு இறங்கிவிடும். வெப்பமும் தடையில்லாமல் கடந்துபோகும். மின்ரயில் மோட்டார்களை ஓட்டும் உயர் மின்னழுத்த மாட்யூல்களின் அடித்தகடாக இந்தப் பொருள் பயன்படுகிறது. அந்தத் தகடுகள் ஊடுருவல் முறையில்தான் செய்யப்படுகின்றன.

தோட்டத்துக்கு நெருக்கமான உதாரணம் தேய்மானம். செம்பனை ஆலையில் ஸ்குரூ பிரஸ் திருகு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது என்று அங்கே பராமரிப்பு வேலை செய்பவரைக் கேட்டால் சொல்வார். இதே தேய்மானச் சிக்கல் சிமெண்டு ஆலையின் அரைக்கும் உருளைகளுக்கும் உண்டு. பெல்ஜியத்தின் மகோட்டோ நிறுவனம் அலுமினா, சிர்க்கோனியா கலந்த செராமிக் மணிகளைத் தேன்கூடு வடிவில் அடுக்கி, குரோமியம் மிகுந்த வார்ப்பிரும்பை அதன்மேல் ஊற்றி அந்த உருளைகளைச் செய்கிறது. இதற்கு அழுத்தும் இயந்திரமே தேவையில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பகுதியில் கணக்கு இருக்கிறது.

இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்ட இடங்களில் முக்கியமானது திருவனந்தபுரத்தில் உள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வகம். பிரதீப் ரோகத்கி அங்கே தொடங்கிவைத்த வார்ப்புக் கூட்டுப்பொருள் ஆய்வு இன்றும் தொடர்கிறது. டுரியான் துங்காலில் இருக்கும் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூடெம், உற்பத்திப் பொறியியல் கற்பிக்கிறது. இந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேலே போக நினைப்பவர் அந்தக் கதவைத் தட்டலாம்.

உலோகம் ஏன் உள்ளே போக மறுக்கிறது

சேம்பிலைமேல் தண்ணீர் விட்டால் உருண்டு ஓடுகிறது. கண்ணாடிமேல் விட்டால் பரவுகிறது. உருகிய உலோகமும் இப்படித்தான் சில பரப்புகளை நனைக்கும், சிலவற்றை நனைக்காது. திரவத்தின் ஓரம் பரப்போடு சேரும் கோணத்தைத் தொடுகோணம் என்கிறோம். அது 90 பாகைக்குக் கீழே இருந்தால் துளை உலோகத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். 90ஐத் தாண்டினால் துளை உலோகத்தை வெளியே தள்ளும். நாம்தான் அழுத்தி உள்ளே அனுப்ப வேண்டும்.

எவ்வளவு அழுத்தம் என்பதற்குக் கணக்கு எளிது:

தேவையான அழுத்தம் = 2 × பரப்பு இழுவிசை × தொடுகோணத்தின் கோசைன் ÷ துளையின் ஆரம்

நனைக்காத நிலையில் கோசைன் எதிர்மறையாக வரும். குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவு மணிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தால், அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய வழியின் ஆரம், மணியின் ஆரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம்.

முதல் கணக்கு அலுமினியம். பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.87 நியூட்டன், தொடுகோணம் 140 பாகை, துளை ஆரம் 5 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.27 மெகாபாஸ்கல் வரும். அதாவது காற்றழுத்தத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல். துளை ஆரம் 1 மைக்ரோமீட்டராகச் சுருங்கினால் அழுத்தம் ஐந்து மடங்காகி 1.3 மெகாபாஸ்கல் ஆகிவிடும். இது உலோகம் நுழையத் தொடங்கும் அழுத்தம் மட்டுமே. மணியும் மணியும் தொடும் மூலைகள் வரை நிரம்ப இதைப்போலப் பல மடங்கு வேண்டும்.

இரண்டாவது கணக்கு அந்த வார்ப்பிரும்பு உருளை. செராமிக் மணியின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால் குறுகிய வழியின் ஆரம் சுமார் 150 மைக்ரோமீட்டர். இரும்பின் பரப்பு இழுவிசை 1.8, தொடுகோணம் 115 பாகை என்று வைத்தால் 10 கிலோபாஸ்கல் போதும். பதினைந்து சென்டிமீட்டர் உயர இரும்புத் தூணின் எடையே அந்த அழுத்தத்தைத் தந்துவிடும். ஊற்றுவாயை உயரமாக வைத்தால் முடிந்தது. ஒரே இயற்பியல்தான், துளையின் அளவு மாறியதும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் இயந்திரம் தேவையில்லாமல் போகிறது.

தொடுகோணத்தைக் குறைக்கவும் வழிகள் உண்டு. அலுமினியத்தின் தோலாக எப்போதும் ஓர் ஆக்சைடு படலம் இருக்கும்; நனைவதைத் தடுப்பது பெரும்பாலும் அதுவே. உருகில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் அந்தப் படலம் உடையும். சூட்டை ஏற்றினாலும் நனைதல் கூடும். வலுவூட்டிக்கு வேறு பூச்சு கொடுக்கலாம். கார்பனுக்கு நிக்கல் அல்லது செம்புப் பூச்சு பழைய உத்தி. ஆனால் நன்றாக நனைக்கும் உலோகம் பெரும்பாலும் வலுவூட்டியோடு வினையும் புரியும். எவ்வளவு நேரம் இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முன்னுரு செய்யும் முறை

தூள் வாங்கும்போதே அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் கார்பைடு அரைக்கும் சக்கரங்களுக்கும் உப்புத்தாள்களுக்கும் பயன்படும் பொருள் என்பதால் எண் வாரியாகவே கிடைக்கும். ஒரே அளவு தூளை அசைத்து அடுக்கினால் 55 முதல் 60 சதவீதம் வரை நிரம்பும். அதைவிட வேண்டுமானால் பெரிய துகளோடு மிகச் சிறிய துகளைக் கலக்க வேண்டும்; பெரியவற்றின் இடுக்கில் சிறியவை போய் உட்காரும். ஆனால் துளையும் சிறுத்துவிடும் என்பதால் மேலே செய்த கணக்கை மீண்டும் போட்டுப் பாருங்கள்.

தூளைப் பிணைக்க இரண்டு பசைகள் வழக்கம். ஸ்டார்ச் போன்ற ஒன்று ஈரநிலையில் வடிவத்தைத் தாங்கும், சூட்டில் எரிந்துபோகும். கூழ்ம சிலிகா எரியாமல் நின்று, சுட்ட பிறகும் துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். இரண்டையும் குறைவாகவே சேர்க்க வேண்டும். பசை கூடினால் துளை அடைபடும்.

வார்த்தெடுத்த முன்னுருவை உடனே உலையில் வைக்காதீர்கள். மலாக்காவின் ஈரக்காற்றில் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, பிறகு 110 பாகை செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தும் எடை மாறவில்லை என்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். அதன்பிறகு மெதுவாகச் சூடேற்றிப் பசையை எரித்து, 1000 பாகைக்கு மேல் காற்றில் சுட்டால் துகள்களின்மேல் மெல்லிய சிலிகாத் தோல் உண்டாகும். அந்தத் தோல் துகளைக் காக்கும். மக்னீசியம் உள்ள உருகு நனையவும் உதவும்.

சுட்ட முன்னுருவைக் குளிரவிட்டு ஊற்றுவது மிகப் பொதுவான தவறு. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வடித்த மண்ணச்சைச் சூடு ஆறுமுன் வார்க்கிறார்கள். உலோகம் நுண்ணிய விளிம்புகளை எட்டுமுன் உறைந்துவிடக் கூடாது என்பது அதற்குக் காரணங்களில் ஒன்று. நம் துளைகள் சிலையின் விரல் நுனியைவிட மிக மிகச் சிறியவை. குளிர்ந்த துகளைத் தொட்டதும் உலோகம் உறைந்து, தன் பின்னால் வரும் உலோகத்துக்குத் தானே அடைப்பாகிவிடும்.

செம்பனை ஆலைச் சாம்பலையும் உமிச் சாம்பலையும் வலுவூட்டியாகப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்கிறார்கள். உமியை நன்றாகச் சுட்டால் கிடைக்கும் வெள்ளைச் சாம்பலில் 90 சதவீதத்துக்கு மேல் சிலிகா உண்டு. ஆனால் உருகிய அலுமினியம் சிலிகாவைச் சும்மா விடாது. ஆக்சிஜனைப் பிடுங்கி அலுமினாவாக மாறும், சிலிக்கானை உருகில் விட்டுவிடும். நீங்கள் வைத்த முன்னுரு வேறு, கிடைக்கும் பொருள் வேறு. செம்பனைக் கொதிகலன் சாம்பலில் பொட்டாசியமும் இருப்பதால் சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். பகுப்பாய்வு செய்யாமல் அதைத் தொடாதீர்கள்.

உலோகத்தை அனுப்பும் நான்கு வழிகள்

தானே உறிஞ்சவிடுதல். நனைக்கும் ஜோடிக்கு மட்டுமே இது. அமெரிக்காவின் லேன்க்சைடு நிறுவனம் 1980களின் இறுதியில் மக்னீசியம் கலந்த அலுமினியத்தை நைட்ரஜன் சூழலில் 750 பாகைக்கு மேல் வைத்து, அழுத்தமே இல்லாமல் செராமிக்குள் நுழைய வைத்தது. கருவி எளிது, ஆனால் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வெற்றிடத்தால் இழுத்தல். கிடைக்கக்கூடியது அதிகபட்சம் ஒரு காற்றழுத்தம், அதாவது 0.1 மெகாபாஸ்கல்தான். பெரிய துளைகளுக்கு அது போதும். உள்ளிருக்கும் காற்று முன்கூட்டியே வெளியேறிவிடுவது கூடுதல் நன்மை.

வாயு அழுத்தம். முதலில் வெற்றிடம், பிறகு ஆர்கான் அல்லது நைட்ரஜனை 1 முதல் 10 மெகாபாஸ்கல் வரை ஏற்றுவார்கள். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் முன்னுரு நசுங்காது. மின்னணு அடித்தகடுகளுக்கு ஏற்ற வழி இது.

பிரஸ்ஸால் அழுத்தி வார்த்தல். சூடான எஃகு அச்சில் முன்னுருவை வைத்து, உருகை ஊற்றி, ஹைட்ராலிக் பிரஸ்ஸால் 50 முதல் 100 மெகாபாஸ்கல் வரை அழுத்துவது. சில விநாடிகளில் முடிவதால் வினைக்கு நேரம் கிடைக்காது. பிஸ்டன் செய்தது இவ்வாறுதான். அவசரப்பட்டு அழுத்தினால் முன்னுரு நசுங்கும் அல்லது பிளக்கும்.

பயிற்சி 1: செம்புப் பின்னலும் வெள்ளீயமும்

மலாக்கா சுல்தான்கள் நாணயம் வார்த்த உலோகம் வெள்ளீயம். 1511க்குப் பிறகு போர்த்துக்கீசியரும் இங்கே அதிலேயே நாணயம் வார்த்தார்கள். 232 பாகையில் உருகிவிடுவதால் கற்பதற்கு இதைவிட நல்ல உலோகம் இல்லை. கடையில் வாங்கும்போது காரீயம் கலக்காத சால்டர் என்று கேட்டு வாங்குங்கள்.

1. மின்னணுக் கடையில் கிடைக்கும், சால்டர் உறிஞ்சும் செம்புப் பின்னலை இரண்டு துண்டாக வெட்டுங்கள்.
2. ஒன்றை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவி, முழுவதும் உலர்த்தி, ஆல்கஹால் புட்டியைத் தூர வைத்த பிறகு, செம்பு கருக்கும்வரை சூடாக்குங்கள். மற்றொன்றில் ஃபிளக்ஸ் தடவுங்கள்.
3. இரண்டையும் 260 பாகைச் சூட்டில் உருகிய வெள்ளீயத் துளியில் தொட்டுப் பாருங்கள்.

ஃபிளக்ஸ் தடவியது ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொள்ளும். கருத்தது தொட்டும் தொடாததுபோல நிற்கும். செம்பும் வெள்ளீயமும் மாறவில்லை. சுவரில் ஆக்சைடு இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு.

உறிஞ்சிய துண்டில் ஒரு பாதியை உடனே குளிரவிடுங்கள். மறுபாதியைப் பத்து நிமிடம் அதே சூட்டில் வையுங்கள். இரண்டையும் குறுக்கே வெட்டி, 400, 800, 1200 எண் உப்புத்தாளில் நீர்விட்டுத் தேய்த்து, நல்ல நுண்ணோக்கியில் பாருங்கள். செம்புக் கம்பியைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் தெரியும். செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து உண்டான உடையக்கூடிய சேர்மம் அது. பத்து நிமிடம் காத்திருந்த துண்டில் அது தடித்திருக்கும். நனைதலுக்கு நாம் கொடுக்கும் விலை அதுதான்.

பயிற்சி 2: கண்ணாடி மணியும் வெற்றிடமும்

மணல் வீச்சு வேலைக்கு விற்கும் கண்ணாடி மணிகளில் 400 மைக்ரோமீட்டர் அளவைச் சலித்து எடுங்கள். வெள்ளீயம் கண்ணாடியை நனைப்பதில்லை. பரப்பு இழுவிசை 0.55, தொடுகோணம் 130 பாகை என்று வைத்தால் நுழையத் தேவை சுமார் 24 கிலோபாஸ்கல். கால் காற்றழுத்தத்துக்கும் கொஞ்சம் குறைவு.

1. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடிக் குழாயின் அடியில் துருப்பிடிக்காத எஃகு வலையைக் கட்டுங்கள். வலைக்கண் மணியைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.
2. உள்ளே ஐந்து சென்டிமீட்டரைவிட நன்கு உயரமாக மணியைத் தட்டித் தட்டி நிரப்புங்கள். மேலே செராமிக் பஞ்சை இறுக்கமாகத் திணியுங்கள்.
3. குழாயின் மேல்முனையை, நடுவில் ஓர் உலோகக் குடுவை வைத்து, பிரேக் எண்ணெயிலிருந்து காற்றெடுக்கும் கைப் பம்போடு இணையுங்கள். பம்பில் அழுத்தமானி இருப்பது அவசியம்.
4. மணி உள்ள பகுதியை 270 பாகைக்குச் சூடேற்றி, 290 பாகை வெள்ளீயத்தில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் இறக்குங்கள்.

முதலில் பம்பைத் தொடாமல் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் வெள்ளீயம் தரும் அழுத்தம் மூன்றரை கிலோபாஸ்கல்கூட இல்லை என்பதால் உலோகம் உள்ளே வராது. இனி மெதுவாகப் பம்ப் செய்யுங்கள். முள் 20க்கும் 30 கிலோபாஸ்கலுக்கும் இடையே வரும்போது, வெள்ளீயத்துக்கு மேலே தெரியும் மணிகளுக்கிடையே வெள்ளி நிறம் ஏறத் தொடங்கும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு உங்கள் கணக்கோடு ஒப்பிடுங்கள். 40ஐத் தாண்ட வேண்டாம். செராமிக் பஞ்சின் துளைகள் மணியின் இடுக்கைவிட மிகச் சிறியவை என்பதால் அவ்வளவு அழுத்தத்தில் உலோகம் அதைக் கடக்காது. அதுவே நமக்குத் தடுப்பு.

நிரம்பியதும் வெற்றிடத்தை விடாமல் குழாயை மேலே தூக்கி, கீழிருந்து மேலாக உறையவிடுங்கள். ஆறிய பிறகு தடித்த துணியில் சுற்றிக் கண்ணாடிக் குழாயை உடைத்து எடுங்கள்.

அலுமினியத்துக்குப் போகும்போது

சிலிக்கான் கார்பைடோடு தூய அலுமினியத்தைச் சேர்த்தால் இரண்டும் வினைபுரிந்து அலுமினியம் கார்பைடு உண்டாகும். பார்வைக்குப் பொருள் நன்றாகவே இருக்கும். ஆனால் அந்தக் கார்பைடு ஈரத்தோடு சேர்ந்து மீத்தேன் வாயுவை விட்டு, வெள்ளைத் தூளாக உதிரும். ஆண்டு முழுவதும் ஈரக்காற்று வீசும் மலாக்காவில் அப்படிப்பட்ட பொருளை அலமாரியில் வைத்தாலே கெட்டுவிடும்.

தடுக்கும் வழி, உருகில் முன்பே போதுமான சிலிக்கான் இருப்பது. சுமார் 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வினை அடங்கும். பழைய இரும்புக் கடையில் பொறுக்கும்போது இந்த எண் நினைவில் இருக்கட்டும். கார் பிஸ்டன்களில் 11, 12 சதவீதம் சிலிக்கான் உண்டு. அலாய் சக்கரங்களில் 7 சதவீதம்தான். தனியாகப் போதாது, சிலிக்கான் சேர்க்க வேண்டும். குளிர்பான டின்களில் சிலிக்கான் கிட்டத்தட்ட இல்லை என்பதால் இந்த வேலைக்கு ஆகாது. மக்னீசியத்தால் செய்த உதிரிபாகங்கள் அலுமினியம்போலவே இருக்கும், உலையில் தீப்பற்றும். அடையாளம் தெரியாததை ஒதுக்கிவிடுங்கள்.

நிரம்பியதா என்று பார்ப்பது

வெட்டிப் பார்க்கும் முன் எடை போடுங்கள். காற்றில் ஓர் எடை, நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு ஓர் எடை. முதல் எடையை இரண்டின் வித்தியாசத்தால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும்.

பயிற்சி 2இல் கண்ணாடி 60 சதவீதமும் வெள்ளீயம் 40 சதவீதமும் என்றால், துளையே இல்லாதபோது அடர்த்தி 4.4 இருக்க வேண்டும் (0.6 × 2.5 + 0.4 × 7.3). உங்கள் துண்டு 4.1 காட்டினால் வெற்றிடம் மிச்சமிருக்கிறது. சிலிக்கான் கார்பைடு 60 சதவீதம் உள்ள அலுமினியத்துக்கு இதே கணக்கில் 3.0 வர வேண்டும்.

குறையும் காரணமும்

- மேல்பகுதி மட்டும் நிரம்பி, அடி காலியாக இருக்கிறது: முன்னுருவின் சூடு போதவில்லை, அல்லது அழுத்தம் ஏறுமுன் உலோகம் உறைந்துவிட்டது.
- நடுவில் ஒரு காலி மையம்: எல்லாப் பக்கமிருந்தும் உலோகம் ஒரே நேரத்தில் வந்து காற்றைச் சிறைப்படுத்திவிட்டது. ஒரு பக்கம் மட்டும் உள்ளே வரவும் எதிர்ப்பக்கம் காற்று வெளியேறவும் வழி வையுங்கள்.
- முன்னுருவில் உலோக நரம்பு ஓடுகிறது: அழுத்தம் வேகமாக ஏறியதால் முன்னுரு பிளந்தது. பசையைச் சற்றுக் கூட்டுங்கள், அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள்.
- மணிமூலைகளில் சிறு கருந்துளைகள்: நுழையும் அழுத்தம் கிடைத்தது, நிரப்பும் அழுத்தம் கிடைக்கவில்லை.
- வாரங்கள் கழித்து வெள்ளைத் தூள் உதிர்கிறது: அலுமினியம் கார்பைடு. உலோகக் கலவையை மாற்றுங்கள், சூட்டையும் நேரத்தையும் குறையுங்கள்.

பாதுகாப்பு

ஈரம்தான் முதல் எதிரி. உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு துளி நீர் சிக்கினாலும் நீராவியாக வெடித்து உலோகத்தைத் தெறிக்கவிடும். கரண்டி, அச்சு, போடும் உலோகக் கட்டி எல்லாவற்றையும் முன்சூடு காட்டிய பிறகே உருகில் விடுங்கள். சிமெண்டுத் தரைமேல் உலோகம் சிந்தினால் தரைக்குள் இருக்கும் ஈரமே வெடிக்கும். காய்ந்த மணல் தட்டின்மேல் வேலை செய்யுங்கள்.

கண்ணாடிக் குழாயோடு வேலை செய்யும்போது முகக்கவசம், தோல் கையுறை, நீளக்காற்சட்டை, மூடிய காலணி அவசியம். ஃபிளக்ஸ் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து விசிறி வையுங்கள். தூள் சலிக்கும்போது சாதாரண துணிமுகமூடி போதாது, தூசி வடிகட்டும் சுவாசக்கவசம் வேண்டும். அதிகச் சூட்டில் எரிந்த உமிச் சாம்பலின் படிகச் சிலிகா நுரையீரலில் தங்கிவிடும்.

வாயு அழுத்தக் கலனைச் சமையல் கேஸ் தோம்பிலிருந்தோ தண்ணீர்க் குழாயிலிருந்தோ சொந்தமாகச் செய்துகொள்ளாதீர்கள். அடைபட்ட வாயு உடைத்துக்கொண்டு வரும்போது அது குண்டுதான். மலேசியாவில் அழுத்தக் கலன்கள் தொழில்பாதுகாப்புத் துறையான ஜேகேகேபியின் தகுதிச் சான்றிதழுக்கு உட்பட்டவை. 0.1 மெகாபாஸ்கலுக்கு மேல் தேவைப்படும் எந்த வேலையையும் சான்றிதழ் பெற்ற கருவி உள்ள ஆய்வகத்தில் செய்யுங்கள்.

உலை பற்றவைக்கும் முன்

ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் கீழ்க்கண்டவற்றை எழுதி, பட்டறையின் சுவரில் ஒட்டிய பிறகே உலையைத் தொடுங்கள்.

1. மணியின் அளவு என்ன, குறுகிய வழியின் ஆரம் என்ன?
2. இந்த உலோகம் இந்தச் சுவரை நனைக்குமா? இல்லையென்றால் கணக்கில் வரும் அழுத்தம் எவ்வளவு, என் கையில் இருப்பது எவ்வளவு?
3. முன்னுருவின் கடைசி இரண்டு எடைகள் ஒன்றா?
4. உலோகம் எந்தப் பக்கம் நுழைகிறது, காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறது?
5. முன்னுருவின் சூடு உலோகத்தின் உருகுநிலைக்கு மேலா, கீழா? கீழே என்றால், உறையுமுன் நிரப்பும் வேகம் இருக்கிறதா?
6. இரண்டும் எத்தனை நிமிடம் தொட்டிருக்கலாம்?
7. துளையில்லாத பொருளுக்கு வரவேண்டிய அடர்த்தி என்ன?

ஏழில் ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் அன்று உருக்க வேண்டாம். ஏழுக்கும் பதில் இருந்தால் வார்ப்பு முடிந்ததும் அளந்த அடர்த்தியை அதே தாளில் ஏழாவது பதிலின் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் வந்தால் முதல் ஆறில் எந்தப் பதில் தவறு என்று தேடுங்கள். உலோகத்தைக் குறைசொல்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.